நேர்வெட்டு

திரைக்குப் பின்னால் போன அக்கா இன்னும் வெளியே வரவில்லை. புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தலைவழியாக ஓர் உடுப்பை மாட்டிக்கொள்ள இவ்வளவு நேரம் ஆகாது, ஆகக் கூடாது என்று பூங்கோதை நினைத்தாள், கொக்கி இல்லை, ஜிப் இல்லை, இழுத்துக் கட்ட நாடா இல்லை, தலையணை உறைக்குக் கழுத்தும் கையும் வைத்த மாதிரி ஒரே நேர்வெட்டு, மாட்டினால் தானாக விழுந்துவிடும், அதனால்தான் நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண்கள் அதற்கு அப்படிப் பறந்தார்கள் என்று காலையில் அவளே ஃபேஷன் வகுப்பில் பாடம் நடத்தும்போது சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் பெண்கள் கூந்தலைக் காதுவரைக்கும் கத்தரித்துக்கொண்டது, எலும்புத்துண்டு வைத்துத் தைத்த கச்சையைக் கழற்றி எறிந்தது, இடுப்புத் தையலை இறக்கி விளிம்பை முழங்காலுக்கு ஏற்றியது, வயிறுவரை தொங்கும் மணிமாலை, புருவத்தை மறைக்கும் தொப்பி, ஃபிளாப்பர் என்று அவர்களுக்கு ஒரு பேர், எல்லாம் பாடத்தில் இருக்கிறது. பையன் மாதிரி உடம்பு வேண்டும் அவர்களுக்கு, மார்பு எடுப்பாக இருந்தால் தோளிலிருந்து தொங்கும் துணி கோணும், அதனால் துணிப்பட்டையைச் சுற்றி இறுக்கிக் கட்டித் தட்டையாக்கிக் கொண்டார்கள், இதுவும் பாடத்தில் இருப்பதுதான், பரீட்சைக்கு வருவதுதான். ஆனால் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. “அந்தப் பத்து வருஷம் இருக்கறவளுக்குத்தான் கவலை. இல்லாதவ ராணி” என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு பிடிக்கும், தன் பேச்சுக்குப் பிள்ளைகள் சிரித்தால் முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போவாள், அப்படியே போன கண் கடைசி பெஞ்சில் போய் முட்டிக்கொண்டது. அங்கே மரகதம் உட்கார்ந்திருந்தாள். குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா அங்கே இருக்கிறாள் என்பது தெரியாமலா போயிற்று, தெரியும், காலையில் ஆஸ்பத்திரியில் செக்கப் முடிந்து தன் காரில் கூட்டிக்கொண்டு வந்தவளே அவள்தான், வீட்டுக்குப் போய் ஒண்டியாக என்ன செய்யப்போகிறாய், வகுப்பில் வந்து உட்கார், சாயங்காலம் சேர்ந்து போகலாம் என்று சொன்னவளும் அவள்தான். தெரிந்தும் மறந்தாள். இரண்டு வருஷத்துக்கும் மேலாக ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, இடது மார்பை எடுத்த ஒருத்தியைக் கடைசி பெஞ்சில் வைத்துக்கொண்டு, இல்லாதவ ராணி. மறந்தாள் என்றால் எப்படி மறப்பது. மறக்கவில்லை, உள்ளே எங்கேயோ தெரிந்திருந்துதான் அந்த வார்த்தை வந்தது என்றால் அது இன்னும் மோசம். அக்காவைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன், பார், உன் உடம்பைக் கொண்டாடின ஒரு காலமும் இருந்திருக்கிறது என்று சொல்லத்தான் சொன்னேன், என்று ஒரு நியாயத்தை உண்டாக்கிப் பார்த்தாள், அது நிற்கவில்லை, சமாதானம் சொல்கிறவள் முப்பது பேரைச் சிரிக்கவைத்தா சொல்வாள். அப்புறம் பாவாடை விளிம்பைப் பற்றி ஏதோ பேசினாள், என்ன பேசினாள் என்று நினைவில்லை. வகுப்பு முடிந்து இந்தத் தையற்கூடத்துக்கு வந்தபோதும் மரகதம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கிறவளா அவள், கோபிச்செட்டிபாளையம் தபால் ஆபீசில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஊரையே வாயால் மேய்த்தவள், ஸ்டாம்பு கேட்கிறவனிடம்கூட நாலு வார்த்தை பேசாமல் விடமாட்டாள். வாய் மூடிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள், பிள்ளைகள் ஆண்டு விழாவுக்காகத் தைத்துவைத்திருந்த உடுப்புகளைப் பார்த்தாள், மயில்நீல ஜார்ஜெட்டில் மணி கோத்த அந்த ஒன்றை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தாள். தொட்டிருக்கக் கூடாது. தொட்டதை ஷாஹிதா பார்த்துவிட்டாள்.

ஷாஹிதாவைச் சொல்லி என்ன, அந்தப் பெண் இரண்டு மாசமாக அந்த மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்தவள், நீலத்தை உடுத்தி மேடையில் நடக்க வேண்டிய பெண் டெங்கு வந்து படுத்துக்கொண்டாள், மற்ற பிள்ளைகளெல்லாம் குள்ளம், தையல் பொம்மைக்குத் தோள் போதவில்லை. “மேம், உங்க அக்கா நல்ல உயரமுங்க. தோளும் நேரா இருக்குது. முடிகூட அந்தக் காலத்து பாப் மாதிரியே வெட்டியிருக்காங்க. ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லலாமுங்களா? துணி எப்படி விழுகுதுன்னு பாத்துக்குவேன், அவ்வளவுதான்.” அந்த முடி வெட்டியதல்ல, கொட்டி முளைத்தது, முளைத்ததை மரகதம் வளர்க்காமல் விட்டுவிட்டாள், இது ஷாஹிதாவுக்குத் தெரியாது. பூங்கோதை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அக்காவுக்கு உடம்பு சரியில்லை, முடிந்தது. அவள் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த ஒரு நொடியில் அவளும் பார்த்தாள். முப்பது வருஷமாக உடம்புகளைப் பார்த்துப் பழகிய கண், தோள் பதினைந்தரை, இடுப்பு நேர், இடது பக்கம் டாட் பிடிக்க வேண்டாம், மார்புக்காகத் துணியில் மடித்துத் தைக்கிற அந்த முக்கோணம் அங்கே தேவையில்லை, வலது பக்கத்தை மட்டும் அமுக்கினால் இந்தத் துணி இவள் மேல் விழுகிற மாதிரி எவள் மேலும் விழாது என்று கண் அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டது. கூடப்பிறந்தவளைத் தையல் பொம்மையாகப் பார்த்த கண். இதே கண் ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்து அக்காவைப் பச்சைத் துணி போர்த்தி வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோதும் இதையே செய்தது, எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள், அவள் போர்வையைப் பார்த்தாள், ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் சமம், இனி ஜாக்கெட்டை எப்படி வெட்டுவது. அழுவதற்கு முன்னால் அதுதான் தோன்றியது. யாரிடம் சொல்ல முடியும் இதை. “முழங்கால் தெரியுமே, சாமி” என்று மரகதம் ஷாஹிதாவிடம் சொன்னாள். “அதுதானுங்க ஃபேஷனே.” “இந்த வயசுல எனக்கு முழங்கால்ல வலிதான் தெரியும்.” பிள்ளைகள் சிரித்தார்கள், மரகதமும் சிரித்தாள், அந்த நீலத்தை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தங்கையின் பக்கம் திரும்பாமலே திரைக்குப் பின்னால் போனாள். திரும்பாமலே. அதைத்தான் பூங்கோதை இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறாள், ஒருதரம் திரும்பியிருந்தால் கண்ணாலாவது வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்று, சொல்லியிருக்க மாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. புடவையில் குத்தியிருந்த ஊக்கு தட்டில் விழுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. ஓவர்லாக் மெஷினை யாரோ மிதித்தார்கள், நிறுத்தினார்கள், ஜன்னலுக்கு வெளியே அவினாசி ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. இப்போது ஜாக்கெட்டைக் கழற்றியிருப்பாள். கழற்றினால் அது வெளியே வரும். அது என்றுதான் இரண்டு பேரும் சொல்வார்கள், அதற்கு அவர்கள் பேர் வைக்கவில்லை, பழைய வேட்டியில் உறை தைத்து இலவம்பஞ்சு அடைத்து எடைக்கு அடியில் ஒரு பிடி கடுகு போட்டு பூங்கோதையே செய்துகொடுத்தது. கடையில் ரப்பரில் விற்றது, வேண்டாம், நான் செய்தால் அச்சாக இருக்கும் என்றாள். அச்சாகத்தான் இருந்தது. செய்யும்போது பெருமைகூடப் பட்டாள். அக்கா கேட்கவில்லை அதை. “எனக்கெதுக்கு புள்ள இது, நான் எங்க போகப் போறேன்” என்றாள். கேட்டது கல்யாணம். பூங்கோதையின் மகள் இனியாவின் கல்யாணம். பெண்ணின் பெரியம்மாவுக்கு இப்படி ஒரு வியாதி என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள், ரத்தத்தில் வருவது, நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்பார்கள், கைக்கு வந்தது தட்டிப் போய்விடும், ஆகவே ஒறம்பரை, சொந்தபந்தம் யாருக்கும் தெரியக் கூடாது. ஆவணியில் அறுவை, மாசிவரைக்கும் மருந்து, பங்குனியில் கரண்ட் என்கிற கதிர்வீச்சு, வைகாசியில் முகூர்த்தம். தலையில் அப்போதுதான் புல் மாதிரி முளைத்திருந்தது, அதற்கும் அவள்தான் வழி கண்டுபிடித்தாள், கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டுமென்று பழனிக்கு முடி கொடுத்துவிட்டாள் பெரியம்மா என்று எல்லோரிடமும் சொன்னாள். சம்பந்தியம்மாள் கண் கலங்கிவிட்டாள். பெரியம்மான்னா இப்படித்தான் இருக்கணும் என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முருகனையும் சேர்த்துப் பொய்யில் இழுத்துவிட்டாள் பூங்கோதை, அதன் பிறகு பழனிப் பக்கம் அவள் போகவில்லை, போனால் மலையேறும்போது கால் தடுக்கும் என்று ஒரு பயம், பைத்தியக்காரத்தனமான பயம். கல்யாணத்தன்று விடியற்காலையில் பட்டு ஜாக்கெட்டுக்குள் அதை வைத்து அக்கா கண்ணாடியில் பார்த்தாள், “ஏம்புள்ள, எரியுது” என்றாள், “ஒரு நாள்தானக்கா” என்றாள் இவள். கரண்ட் வைத்த தோல் வெயிலில் காய்ந்த தக்காளி மாதிரி உரிந்துகொண்டிருந்தது என்று டாக்டரம்மா பிறகு சொன்னாள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் காற்றே இல்லை. அக்கா சீர்த்தட்டு எடுத்தாள், தாம்பூலம் கொடுத்தாள், மொய் வைத்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டாள், பந்தியில் நின்று பாயசம் விசாரித்தாள், அவ்வளவும் அதை வைத்துக்கொண்டு. மறுநாள் காலையில் குளியலறை வாளியில் அது ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் மஞ்சளாக இருந்தது. துணியில் தோல் ஒட்டியிருந்தது, உள்ளேயிருந்து கடுகு ஈரத்தில் உப்பிக்கொண்டு தெரிந்தது. பூங்கோதை அந்த வாளியைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி பல் துலக்கிவிட்டு வந்தாள், மருந்து போட்டாயா என்று கேட்கவில்லை, காப்பி குடிக்கிறாயா என்று கேட்டாள். அப்புறம் புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தாள். ஆறு மாசம் கழித்து இனியா பெங்களூரில் புருஷனிடம் விஷயத்தைச் சொன்னபோது அந்தப் பையன், அட, முன்னமே சொல்லியிருக்கலாமே, எங்க சித்திக்கும் இருந்துதே, பத்து வருஷமா நல்லா இருக்காங்களே என்றானாம். இனியா போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. அக்காவிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இன்றுவரை பூங்கோதை சொல்லவில்லை.

“மேம், உதவி வேணுமான்னு கேக்கட்டுங்களா?” ஷாஹிதா மணிக்கட்டில் இஞ்ச் டேப்பைச் சுற்றிக்கொண்டு நின்றாள், உதட்டில் இரண்டு குண்டூசி. “வேண்டாம். நான் பாத்துக்கறேன்.” நான் பார்த்துக்கொள்கிறேன். எதைப் பார்த்தாள் அவள். திரைக்கு இந்தப் பக்கம் நிற்பதுதான் அவளுக்குப் பழக்கம், வீட்டில் குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரியில் மறைப்புக்கு இந்தப் பக்கம். கட்டுப் பிரிக்க நர்ஸ், வீட்டில் மருந்து போட ஒரு அம்மாள் வந்துபோனாள், அவள் வராத அன்றைக்கு மரகதமே கண்ணாடியைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள், “கோதை, சித்த இதைப் பிடி” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள், இவள் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போய்விட்டாள், அடுப்பில் பால் இல்லை. இன்றுவரை அந்த இடத்தை அவள் பார்த்ததில்லை. எத்தனை பெண்களின் உடம்பை அளந்தவள், கல்யாணப் பெண்கள், பிள்ளை பெற்றவர்கள், கூனிப்போனவர்கள், எந்த உடம்பைக் கண்டும் முகம் சுளித்ததில்லை, அக்காவின் உடம்பைப் பார்க்க மட்டும் முடியவில்லை. அருவருப்பா. இல்லை, அருவருப்பு இல்லை, அருவருப்பாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, வெட்கப்பட்டுவிட்டு உள்ளே போயிருக்கலாம். அதைப் பார்த்தால் தன்னுடையதைப் பார்க்க வேண்டிவரும். அக்காவும் அவளும் ஒரே வார்ப்பு, ஒரே தோள், ஒரே கால் விரல், சின்ன வயசில் ஒரே அளவு ஜாக்கெட், அம்மா ஒரே துணியில் இரண்டு பேருக்கும் சேர்த்து வெட்டுவாள். டாக்டரம்மா சொன்னாள், கூடப் பிறந்தவங்க கட்டாயம் ஒருதரம் மெஷின்ல மார்பைப் படம் எடுத்துப் பரிசோதனை பண்ணிக்கணும், வருஷா வருஷம் பண்ணணும். சரி என்றாள். போகவில்லை. செமஸ்டர் வந்தது, கல்யாணம் வந்தது, இனியாவின் வளைகாப்பு வந்தது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள், போனியா போனியா என்று, கேட்டுக் கேட்டு ஒருநாள் பூங்கோதை போய்ட்டு வந்துட்டேன், உன்ற ஆஸ்பத்திரிலதான் எடுத்தேன், ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க என்றாள். அக்கா அன்றைக்கு விநாயகர் கோயிலில் தேங்காய் உடைத்தாள். அந்தத் தேங்காயில் சட்னி அரைத்தார்கள், பூங்கோதை நாலு இட்லி சாப்பிட்டாள், இறங்கியது, அதுதான் ஆச்சரியம், இறங்கிவிட்டது. இரவில் புரண்டு படுக்கும்போது மட்டும் கை தன்னையறியாமல் இடது பக்கம் போகும், ஏதாவது தட்டுப்படுமோ என்று விரல் நிற்கும், அழுத்தாது, அழுத்தினால் இருப்பது தெரிந்துவிடும், விரலை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் பாடத்தை நினைத்துக்கொள்வாள். சரி, இப்போது அதுவல்ல விஷயம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது விஷயம் காலையில் சொன்ன வார்த்தை, அந்த ராணி, அதற்கு அக்காவிடம் என்ன சொல்வது. சும்மா பாடத்துல வந்துச்சுக்கா என்று சொல்லலாம். உன்னை நெனச்சு சொல்லலக்கா, அது பொய். மன்னிச்சுக்கக்கா, அது இரண்டு பேருக்கும் பழக்கமில்லாத வார்த்தை, சொன்னால் அவள் சிரித்துவிடுவாள்.

திரை ஒரு சாண் விலகியது. வெறும் கை வெளியே வந்தது, தோள்வரைக்கும் வெறுமையாக, மணிக்கட்டில் வளையல் மட்டும். “இதைப் பிடி.” பூங்கோதை கையை நீட்டினாள், உள்ளங்கையில் அது வந்து உட்கார்ந்தது, திரை மூடிக்கொண்டது. சூடாக இருந்தது. காலையிலிருந்து அக்காவின் உடம்போடு இருந்த சூடு, ஒரு பக்கம் வேர்வையில் நைந்து, அடியில் கடுகு நறநறவென்று நகர்ந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேஜையில் வைக்க முடியுமா, கைப்பை ஆசிரியர் அறையில் இருக்கிறது, முந்தானையில் மறைத்தால் பிள்ளைகள் பார்ப்பார்கள், பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஷாஹிதா பக்கத்தில் வந்தாள். “மேம், அது பின்குஷனுங்களா? நல்லா பெருசா இருக்குது, நீங்களே தெச்சதுங்களா?” இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இது பின்குஷன் இல்லை கண்ணு, என் அக்காவுடையது என்று ஐந்தாறு வார்த்தை, படித்த பிள்ளைகள், புரிந்துகொள்ளும், ஒருவேளை அழும், ஒருவேளை அதற்கு மேல் இந்த வீட்டில் எதையும் மறைக்க வேண்டியிருக்காது. பூங்கோதை வாயைத் திறந்தாள். “ம்” என்றாள். அந்தப் பெண் உதட்டிலிருந்த குண்டூசியை எடுத்துக் கையோடு கையாக அதில் குத்தினாள், ஒன்று, இன்னொன்று, வெகு சாதாரணமாக, நன்றியோடுகூட, குத்திவிட்டுப் போனாள். பூங்கோதைக்குத் தன் நெஞ்சுக்குள்ளே எங்கோ சுருக்கென்றது, நிஜமாகவே குத்திய மாதிரி, ஊசிகளைப் பிடுங்கவும் கை வரவில்லை.

“கோதை.” உள்ளேயிருந்து. “உள்ள வா. கட்டறதுக்கு நீளமா ஒரு துணி எடுத்துட்டு வா.” மேஜை மேல் மல்துணிச் சுருள் கிடந்தது, கத்தரியால் விளிம்பில் ஒரு வெட்டு வைத்து ஒரு முழ அகலத்துக்குக் கிழித்தாள், கிழித்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்ல இங்கே அடுப்பு இல்லை. திரையை விலக்கிக்கொண்டு போனாள். மரகதம் பாவாடையோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள், இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லை, நீல உடுப்பு ஆணியில் தொங்கியது. கண்ணாடியைத்தான் முதலில் பார்த்தாள் பூங்கோதை, கண்ணாடியிலும் அந்த இடம்தான் இருந்தது. அவள் பயந்த மாதிரி அங்கே பள்ளம் இல்லை, குழி இல்லை. அக்குளிலிருந்து நெஞ்சுக்கூட்டின் நடுவுவரை சாய்வாக ஒரு கோடு, தையல் போட்டவன் அவசரப்பட்டிருக்கிறான் என்று கண் சொல்லிற்று, சுற்றிலும் தோல் கறுத்து மெல்லிசாகிக் கிடந்தது. அந்த மெல்லிய தோலுக்கு அடியில், விலா எலும்பின் இடுக்கில், இருதயம் அடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கேட்கவில்லை, தெரிந்தது, கண்ணுக்கு. எழும்பிற்று, தணிந்தது, எழும்பிற்று. இவ்வளவு நாளும் இது இங்கே இப்படி அடித்துக்கொண்டிருந்ததா, பந்தியில் பாயசம் விசாரிக்கும்போதும். பூங்கோதைக்குக் கண் மறைத்தது. “என்னத்தப் பாக்கற, கட்டு. ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது, அந்தப் பொண்ணு பாவம், துணி கோணிப்போகும்” என்றாள் மரகதம், பிறகு தங்கையின் கையைப் பார்த்தாள். “இதென்ன, ஊசி குத்தியிருக்குது?” பூங்கோதை சொன்னாள். பின்குஷன் என்று நினைத்துவிட்டாள், நானும் ஆமாம் என்றுவிட்டேன். மரகதம் ஒரு கணம் அவளையே பார்த்தாள், பிறகு அந்தச் சின்ன இடத்தில் முதுகு குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாள். “இதுக்கு ஒரு உபயோகம் வந்துச்சே, கடைசியா. அவளே வெச்சுக்கட்டும்.”

கட்டினாள். கையிலிருந்ததை அங்கே கிடந்த ஸ்டூல் மேல் போட்டுவிட்டு, அக்குளுக்கு அடியில் துணியை வைத்து முதுகைச் சுற்றிக் கொண்டுவந்தாள், வலது பக்கத்தை மட்டும் அமுக்கி, கோட்டின் மேல் துணி உராயாமல் மடிப்புக் கொடுத்து, இரண்டு சுற்று, மூன்று சுற்று. அக்காவின் முதுகு குளிர்ந்திருந்தது. “அக்கா, காலைல வகுப்புல நான் ஒண்ணு சொன்னனே.” “என்ன சொன்ன?” “அதான், ராணின்னு.” “எந்த ராணி?” மரகதம் நிஜமாகவே கேட்டாள். கண்ணாடிக்குள் இரண்டு முகமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன, ஒரே வார்ப்பு, ஒன்றில் பவுடர், ஒன்றில் இல்லை. “நீ என்ன பேசுனன்னே எனக்குத் தெரியாது, புள்ள. காலைல நீ கார் எடுக்கப் போனியே, அப்ப டாக்டரம்மா கேட்டாங்க. உங்க தங்கச்சிய அனுப்பச் சொன்னனே, ரெண்டு வருஷமாச்சு, வரவே இல்லையேன்னாங்க. காதுல அதையே கேட்டுட்டு உக்காந்திருந்தேன் அங்க. உன்ற வகுப்புல.” பூங்கோதையின் கை நின்றது. துணியின் முனை அவள் விரலில் இருந்தது, அதை எங்கே செருகுவது என்று மறந்துபோயிற்று. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்த அந்தத் தலை, அது இவளுக்காகக் குனிந்திருந்தது, இவள் வார்த்தைக்காக அல்ல. “பயமா இருந்துச்சுக்கா” என்றாள். மிகச் சின்னக் குரல் வந்தது, யாருடைய குரலோ போல. “எனக்கு மட்டும் என்ன, திருவிழாவாட்டம் இருந்துச்சா? கல்யாணத்துல என்னைய மூட்டை கட்டி நிறுத்துன. தோலு பிச்சுட்டு வந்துச்சு. அதுக்குக்கூட எனக்கு இத்தன கோவம் வரல கோதை. நீ ஒண்ணுமில்லைன்னு சொன்னன்னிக்கு நான் தேங்கா ஒடச்சேன்.” “தெரியும்.” “தெரியும்ல?” மன்னிப்புக் கேட்கலாம் என்று பூங்கோதை வாயெடுத்தாள், மரகதம் தலையை ஆட்டிவிட்டாள், வேண்டாம் என்றா, இப்போது வேண்டாம் என்றா, புரியவில்லை. “முடி. அந்தப் பொண்ணு காத்துட்டு நிக்குது” என்றாள். பூங்கோதை முனையைச் செருகினாள். இரண்டு பேருமாக நீலத்தைத் தூக்கினார்கள், மரகதம் கையை மேலே உயர்த்தினாள், தோளிலிருந்து அது தடையில்லாமல் வழிந்து இறங்கி முழங்காலுக்கு வந்து ஒரு தரம் ஆடி நின்றது, மணிகள் ஒன்றோடொன்று உரசிச் சின்னதாகச் சத்தம் போட்டன. எங்கும் கோணவில்லை. கண் கணக்குப் போட வந்தது, இந்தத் தடவை பூங்கோதை அதை மூடிக்கொண்டாள்.

மரகதம் திரையை ஒதுக்கிக்கொண்டு போனாள். வெளியே பிள்ளைகள் ஹோவென்று கத்தியது கேட்டது, கை தட்டினார்கள், யாரோ விசிலடித்தார்கள், “செமயா இருக்கீங்கக்கா, ஒரு சுத்து சுத்துங்க” என்று ஷாஹிதா குதித்தாள், மணிகள் சலசலத்தன. பூங்கோதை உள்ளேயே நின்றாள். கண்ணாடியில் இப்போது அவள் மட்டும் இருந்தாள், ஆணியில் அக்காவின் புடவை, ஸ்டூல் மேல் ஊசி குத்திய அது. கை மெதுவாக மேலே வந்து இடது பக்கத்தில் நின்றது, எப்போதும் நிற்கிற இடத்தில். அழுத்தவில்லை இன்னும். எடுக்கவும் இல்லை. வெளியே சத்தம் கொஞ்சம் அடங்கியது, காலடி திரையை நோக்கி வந்தது, திரை விலகவில்லை, அதற்கு அந்தப் பக்கமிருந்து மரகதத்தின் குரல் மட்டும் தாழ்வாக வந்தது. “நாளைக்குக் காலைல குளிச்சுட்டு பவுடர் கிவுடர் போட்டுக்காத. போட்டா மெஷின்ல தப்பாத் தெரியுமாம்.”